நுனி சேரணும்

மதியச் சாப்பாடு முடிந்து மாணவர்கள் பாதிக் கண்ணோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், பயிற்சியாளர் கேட்டாரென்று இரண்டு பையன்கள் சாமான் அறையிலிருந்து ஒரு பழைய ஜமுக்காளத்தைத் தோளில் சுமந்து வந்து, குளிரூட்டிய அந்த அறையின் நடுவில் தொப்பென்று போட்டு, காலால் உருட்டி விரித்தார்கள், விரிந்த வேகத்தில் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பி, அதுவரை அறையில் நின்ற புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் வாசனையைத் தள்ளிக்கொண்டு கடைசி வரிசையில் நான் இருந்த இடம் வரைக்கும் வந்தது. தூசி, மழையில் நனைந்து வெயில் காணாமலே மடிக்கப்பட்ட நூல், எந்த மூலையிலோ எப்போதோ சிந்திய மண்ணெண்ணெய், எத்தனையோ பிள்ளைகளின் தலை சாய்ந்து ஊறிய தேங்காயெண்ணெய், கொஞ்சம் எலி. முன்வரிசையில் ஒரு பையன் தும்மினான், பயிற்சியாளர் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

இறையியல் மாணவர்களுக்கான மூன்று நாள் தலைமைத்துவப் பயிலரங்கு அது, முப்பத்திரண்டு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள், எல்லோரும் இன்னும் சில வருஷத்தில் ஏதாவது ஒரு சேகரத்துக்கு ஆயராகப் போய் இறங்கப்போகிறவர்கள். ஓய்வு பெற்ற ஆயர் என்ற முறையில் எனக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பயிற்சியாளர் நல்ல மனிதர், பெரிய கம்பெனிகளுக்குப் போய் வகுப்பெடுப்பவர், குரலும் நடையும் கச்சிதம், திரையில் அம்புக்குறிகளும் வட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருந்தன, தொலைநோக்கு, இலக்கு, நேர மேலாண்மை, கருத்து மோதலைக் கையாளுதல். எதுவும் தப்பில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்கள், நோட்டில் எழுதியவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான். ஆனால் காலையிலிருந்து எனக்கு ஏதோ ஒன்று குறைந்துகொண்டேயிருந்தது, என்னவென்று பிடிபடவில்லை, அந்த ஜமுக்காளம் விரிகிற வரைக்கும்.

என் தாத்தா உபதேசியாராக இருந்தவர். சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் நடுவில், தேரிமணல் வீட்டு வாசல் வரைக்கும் ஏறி வந்து நிற்கிற ஒரு சின்ன ஊர், பனைதான் அங்கே மரம், பனைதான் வேலை, பனைதான் அடுப்பு, கூரை, பெட்டி, பாய் எல்லாம். சேகரத்துக் குருவானவரை ஐயர் என்போம், அவர் பத்துப் பன்னிரண்டு ஊர்களைக் கட்டி மேய்க்கிறவர், மாதத்தில் ஒரு ஞாயிறு திருவிருந்து கொடுக்க வில்வண்டியிலோ சைக்கிளிலோ வருவார், வந்தால் கோழி அடிப்பார்கள், ஐயரம்மாவுக்குக் கருப்பட்டி கட்டிக் கொடுப்பார்கள். மற்ற நாள் எல்லாம் தாத்தாதான், கோயில் மணி அடிப்பதும் அவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஞானபாடம் சொல்வதும் அவர், பிணத்துக்கு முன்னால் ஜெபம் பண்ணி நடப்பதும் அவர். அவருக்குக் குருப்பட்டம் கிடையாது, அங்கி கிடையாது, முழங்கால் தெரிய மடித்துக் கட்டிய நாலுமுழ வேட்டியும், ஒரு காது உடைந்து நூல் கட்டிய கண்ணாடியும்தான்.

வாரத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் ஜெபக்கூட்டம் நடக்கும். கோயிலுக்கென்று ஒரே ஒரு ஜமுக்காளம், சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டது, பவானியிலிருந்து யாரோ காணிக்கையாக வாங்கிக் கொடுத்தது, அதைத் தாத்தா தோளில் போட்டுக்கொள்வார், அரிக்கேன் விளக்கு என் கையில். புறப்படுவதற்கு முன்னால் அந்த விளக்கின் கண்ணாடியை அவர் துடைக்கிற அழகை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன், அடுப்புச் சாம்பலைத் துணியில் தொட்டு, உள்ளே இரண்டு விரலை விட்டு, வாயால் ஆவி ஊதி, சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல், வெளிச்சம் என்பது பிறருக்குக் கொடுக்கப்போகிற ஒரு பொருள் என்பதுபோலத் துடைப்பார். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு ஜமுக்காளத்தை உதறி மடிப்பது எங்கள் இரண்டு பேர் வேலை. அவர் ஒரு முனை, நான் ஒரு முனை, ஒரு உதறு உதறினால் தேரிமணல் சொரசொரவென்று கொட்டும், பிறகு இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும், எட்டு வயதுப் பையன் அவசரப்பட்டுக் கோணலாகக் கொண்டுவந்தால் திட்டமாட்டார், ‘நுனி சேரணும் எய்யா, திரும்பப் போ’ என்பார், திரும்பப் போய் முதலிலிருந்து நடந்து வரவேண்டும்.

மடிப்பதற்கு முன்னால் அவர் ஒன்று செய்வார், அது என்னவென்று எனக்குப் புரிவதற்கு ரொம்பக் காலமானது. காலியாகிவிட்ட ஜமுக்காளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, விளக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, அதைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் நிற்பார். அந்த ஊரில் எல்லோருக்கும் ஜமுக்காளத்தில் ஒரு இடம் உண்டு, யாரும் குறித்துக் கொடுத்ததில்லை, அவரவர் இடத்தில் அவரவர் உட்கார்ந்து பழகியது, சுவரோரம் கிழவிகள், விளக்கடியில் பிள்ளைகள், விளிம்பில் பாதி மணலிலும் பாதி ஜமுக்காளத்திலுமாகப் பனையேறிகள். ஆட்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் சுருக்கம் இருக்கும், வராதவர்களுடைய இடம் விரித்தது விரித்தபடி சுருக்கமில்லாமல் கிடக்கும். அவர் பார்த்துக்கொண்டு நின்றது அந்தச் சுருக்கம் விழாத இடங்களை.

வீட்டுக்கு நேராகப் போகமாட்டோம். மடித்த ஜமுக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, நான் முன்னால் விளக்கோடு நடக்க, சுருக்கம் விழாத இடத்துக்காரர்களின் வீட்டுக்குப் போவோம். போய், ஏன் வரவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ‘ஒரு செம்புத் தண்ணி குடு தாயி’ என்பார், தண்ணீர் வரும், மெதுவாகக் குடிப்பார், சில வீட்டில் தண்ணீரோடு ஒரு துண்டு கருப்பட்டியும் வரும், அது எனக்கு. அவர் பேசாமல் இருக்க இருக்க, அந்த வீட்டின் சங்கதி தானாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும், பிள்ளைக்குக் காய்ச்சல், அண்ணன் தம்பிக்குள் மூன்று பனைமரத்துக்காகப் பேச்சு நின்றுபோனது, கருப்பட்டி வியாபாரியிடம் வாங்கிய முன்பணம், உடுத்திக்கொண்டு வர நல்ல சேலை இல்லை. கேட்டுவிட்டு, அநேகமாக ஒன்றும் சொல்லாமல், சின்னதாக ஒரு ஜெபம் பண்ணிவிட்டு எழுந்துவிடுவார். நான் தூக்கக் கலக்கத்தில் அந்த ஜமுக்காளத்தின் மேலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு வருவேன், அந்த வாசனைதான் இந்த வாசனை.

பதநீர் இறங்குகிற காலத்தில் பனையேறிகளுக்கு விடியற்காலையும் ஏற்றம், சாயங்காலமும் ஏற்றம், அந்தி ஆராதனைக்கு மணி அடிக்கிறபோது அவர்கள் உச்சியில் பாளை சீவிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் தாத்தா ஆராதனையை இரவு ஒன்பது மணிக்கு மாற்றினார், பள்ளிக்கூடத்து சாருக்கு அது பிடிக்கவில்லை, அந்தி ஆராதனை என்றால் அந்தியில்தான் நடக்க வேண்டும், முறைமை என்று ஒன்று இருக்கிறது என்று ஐயருக்கே எழுதிப் போட்டார். ஐயர் வந்து விசாரித்தபோது தாத்தா கைகட்டி நின்றபடி சொன்னார், ‘மரம் காத்துக்கிட்டு நிக்காது ஐயரே, ஆண்டவரு நிப்பாரு.’ ஐயர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு, அன்றைக்கு ஒன்பது மணி ஆராதனையை அவரே நடத்திவிட்டுப் போனார். ஏற்றம் முடித்து, குளித்து, இடுப்பில் பாளை அரிவாளின் தழும்போடு வந்து உட்கார்ந்த அத்தனை பேரின் மேலும் பதநீரின் லேசான புளிப்பு வாசனை அடித்தது.

பாட்டியைச் சொல்லாமல் தாத்தாவைச் சொல்வது பாதி பொய். உபதேசியாரம்மா என்று ஊர் கூப்பிட்டது, சம்பளம் ஒரு காசு கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கிறபோது ஒரு பிடி அரிசியை எடுத்துக் கோயிலுக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள், கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர், வாரக் கடைசியில் பாட்டி ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதைச் சேர்ப்பாள். கலயத்தில் அரிசி குறைந்திருந்தால் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும், சில வீட்டில் வாங்குவதற்குப் பதிலாகப் பெட்டியிலிருந்து இரண்டு பிடி போட்டுவிட்டு வந்துவிடுவாள், கோயில் கணக்கில் அது ஏறாது, தாத்தாவுக்கு மட்டும் இரவில் சொல்வாள். தாத்தா திண்ணையில் கேட்காமலே தெரிந்துகொண்டதில் பாதி பாட்டியின் ஓலைப்பெட்டியில் வந்து சேர்ந்தது.

தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து செய்த இந்த ஊழியத்தைப் புரிந்துகொண்ட ஒருவர் எங்கள் ஊரிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பிறந்திருந்தார். வெள்ளாளன்விளையில், தாமஸ் வேதநாயகம் என்ற ஐயருக்கு மகனாக 1874இல் பிறந்த அசரியா. அவர் பெயரைச் சொன்னாலே தாத்தாவின் முதுகு நிமிரும். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தும் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவர், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராக அலைந்தவர், 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் மூலவர்களில் ஒருவர், பிறகு தானே தெலுங்கு கற்றுக்கொண்டு நிஜாம் சீமையில் தோர்ணக்கல்லுக்குப் போனவர். 1910இல் எடின்பரோவில் உலகத்து மிஷனரிகளெல்லாம் கூடியிருந்த சபையில் எழுந்து நின்று, நீங்கள் எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் பெரிது, ஆனால் எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்ற பொருளில் பேசி, அங்கிருந்த பலரைச் சங்கடப்படுத்தியவர். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான்.

ஆனால் எனக்கு அவரிடத்தில் பெரிதாகப் படுவது கல்கத்தாவும் எடின்பரோவும் இல்லை. தோர்ணக்கல்லில் அவர் ஊழியர்களைப் பயிற்றுவித்த விதம். கல்யாணமான மாணவர்கள் மனைவிமாரோடு சிறு வீடுகளில் தங்கிப் படித்தார்கள், அந்தப் பெண்களுக்கும் பாடம் உண்டு, ஒரு கிராமத்துச் சபையை நடத்தப்போவது ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மாணவர்களை வகுப்பிலேயே அடைத்து வைக்காமல் கிராமங்களுக்குத் தம்மோடு கூட்டிக்கொண்டு போனார். அதைவிட ஒன்று, அவருடைய திருமண்டலத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவர் தம் கையைத் தம் தலையிலேயே வைத்து, சுவிசேஷத்தை நான் சொல்லாமல் போனால் எனக்குக் கேடு என்ற பவுலின் வாக்கைச் சொல்ல வேண்டும், எழுத்தறியாத கூலிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் அப்படிச் சொல்லிச் சபைக்குள் வந்தார்கள். தலைமை என்பது நான்கைந்து வருஷம் படித்து வாங்குகிற பட்டத்தில் வருவது என்று அவர் நினைத்திருந்தால், ஈரத்தலையோடு நிற்கிற ஒரு மாலா சாதிக் கிழவியின் கையை எடுத்து அவள் தலையிலேயே வைக்கச் சொல்லியிருப்பாரா? 

மண்ணெண்ணெய் வாசனைக்கு ஒரு குணம், ஒரு ஊரோடு அது நிற்காது. மதுரை அரசரடியில், தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து 1969இல் உண்டாக்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் எண்பதுகளின் தொடக்கத்தில் நான் படித்தபோது, மாணவர்களைச் சில காலம் வளாகத்துக்கு வெளியே அனுப்பிக் குடிசைப் பகுதியில் ஏழைகளோடு தங்கிப் படிக்க வைத்தார்கள். பரட்டை என்று எல்லோரும் அழைத்த தியோபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார், கர்நாடகக் கீர்த்தனைக்கும் மேல்நாட்டுப் பாமாலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த வழிபாட்டை நாட்டுப்புற மெட்டுக்கும் பறைக்கும் கொண்டுபோனவர், ஒரே உலையில் எல்லோரும் சேர்ந்து ஆக்கிச் சாப்பிடுவதில்தான் திருவிருந்தின் பொருள் இருக்கிறது என்று சொன்னவர். அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு நான் போய்த் தங்கியது, வைகைக் கரைப்பக்கம், ஓலையும் தகரமுமாக அறுபது வீடு, ஒரே ஒரு தெருக்குழாய்.

அந்தக் குழாயடியை நான் மறக்கமாட்டேன். தண்ணீர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, அதனால் குடங்கள் எப்போதும் வரிசையில் நிற்கும், குடத்தை வைத்துவிட்டுப் போனால் களவு போகும் என்கிறவர்கள் ஒரு கல்லையோ நசுங்கிய டப்பாவையோ வைத்துவிட்டுப் போவார்கள், அந்தக் கல் இன்னாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும், கல் நகர்ந்தால் சண்டை வரும். எனக்கு இருபத்தைந்து வயது, நீதி, விடுதலை என்று தலைநிறையச் சொற்கள், இரண்டு இரவு உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் காடா விளக்கின் புகை மூக்கில் ஏற, அருமையான தமிழில் ஒரு மனு எழுதினேன், நானே கொண்டுபோய் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்து, நாலு நடை நடந்து, ஒரு அதிகாரியைப் பேசிக் கரைத்து, இரண்டாவது குழாய் போட உத்தரவும் வாங்கிவிட்டேன். குழாய் வந்த அன்றைக்கு ஊர் கூடி மாலை போடும் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, எல்லோரும் தண்ணீர் பிடித்தார்கள், யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

இடியாப்பம் விற்கிற ஒரு அம்மா இருந்தாள், விடிவதற்கு முன்னால் மாவு பிழிகிற சத்தம் அவள் வீட்டிலிருந்துதான் முதலில் கேட்கும், வெந்த அரிசிமாவின் ஆவியும் பனையோலைத் தட்டின் வாசனையும் சேர்ந்து அந்தச் சந்தில் நிற்கும். அவளிடம்தான் போய்க் கேட்டேன். தட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள், ‘தண்ணி வந்துச்சு தம்பி, நல்லாத்தான் இருக்கு. எங்களையும் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நாங்களும் வந்து அந்த ஆபீசு எப்படி இருக்குன்னு பாத்திருப்போம்ல. நாளைக்கு நீங்க போயிருவீக, குழாய் ரிப்பேரானா நாங்க யாருகிட்டப் போறது?’ அதில் கோபம் இல்லை, ஒரு தட்டு இடியாப்பத்தைக் காகிதத்தில் வைத்து என் கையில் கொடுத்தாள், காசு வாங்கவில்லை. அந்தக் காகிதம் கையைச் சுட்டுக்கொண்டே இருந்தது, நான் வெகுநேரம் பிரிக்காமல் அப்படியே நின்றேன். ஊழியத்தைப் பற்றி நான் வாங்கிய மதிப்பெண்களில் எதுவும் எனக்கு நினைவில்லை, அந்தச் சூடு இருக்கிறது.

குருப்பட்டம் பெற்ற பிறகு உதவி ஊழியனாக என்னை ஒரு முதிய ஐயரிடம் அனுப்பினார்கள். அவர் பிரசங்கக் குறிப்புகளைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் எழுதுகிறவர், பத்திரிகையின் மஞ்சள் நிறமும் சந்தன வாசனையும் அவருடைய வேதாகமத்துக்குள்ளேயே குடியிருக்கும். எந்த ஊருக்குப் போனாலும் பந்தியில் உட்கார்வதற்கு முன்னால் வாசலை எட்டிப் பார்த்து, ‘வண்டியோட்டுற தம்பி சாப்பிட்டாச்சா’ என்று கேட்பார், இல்லையென்றால் இலை முன்னால் காத்திருப்பார், சேகரத்துப் பெரிய மனிதர்களும் வேறு வழியில்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள், சாம்பார் ஆறும். இதை அவர் எனக்கு ஒருநாளும் பாடமாகச் சொன்னதில்லை. இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்ததில், இன்றைக்கும் ஓட்டுநர் சாப்பிட்டாரா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

அவரோடு ஒருமுறை தரங்கம்பாடிக்குப் போயிருந்தேன். உச்சி வெயில் தாழ்ந்து, டேனியக் கோட்டைச் சுவரின் மஞ்சள் இன்னும் மஞ்சளாகிற நேரம், கடற்காற்றின் உப்பு உதட்டில் படிந்தது. மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கிய கரை, 1718இல் அவர் கட்டிமுடித்த புது எருசலேம் ஆலயம், அடுத்த வருஷமே முப்பத்தாறு வயதில் அவர் அடங்கிய இடம். 1716இல் இங்கே உள்ளூர்ப் பிள்ளைகளை உபதேசிமாராகவும் ஆசிரியர்களாகவும் ஆக்க ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள், ஆனாலும் ஆரோன் என்ற தமிழர் 1733 டிசம்பரில் குருப்பட்டம் பெறுகிற வரைக்கும் பதினேழு வருஷம் ஆனது என்று ஐயர் விரலை விட்டு எண்ணினார். வங்காளத்துச் செராம்பூரும் டேனியர் ஊர்தான், 1818இல் வில்லியம் கேரியும் தோழர்களும் தொடங்கிய கல்லூரிக்கு 1827இல் டேனிஷ் ராஜா கொடுத்த சாசனத்தின் பேரில்தான் உனக்கும் எனக்கும் பட்டம் வந்தது, இரண்டு ஊரையும் 1845இல் சேர்த்தே வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள் என்று சொல்லிக்கொண்டே, செருப்பைக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மணலில் உட்கார்ந்தார்.

‘இங்கதான் எங்கேயோ உட்கார்ந்திருப்பாரு’ என்றார். தமிழ் கற்க வந்த புதிதில் சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் உட்கார்ந்து, விரலால் எழுத்து எழுதிப் பழகினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான், நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுபதை நெருங்குகிற ஒருவர் தம் வெள்ளை அங்கியின் ஓரம் மணலாகும் என்ற கவலையில்லாமல் உட்கார்ந்து, அருகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் இந்த முடிச்சுக்கு என்ன பெயர் என்று கேட்டு, அவன் சொல்லிக்கொடுக்க, தப்பாகப் போட்டு, மறுபடி போட்டுப் பழகிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்தச் செய்தி எனக்குள் இறங்கியது. பையன் சிரித்தான். ஐயரும் சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவை போட்டார். அலை அவ்வளவாக இல்லாத சாயங்காலம், நண்டு வளை ஒவ்வொன்றின் வாயிலும் சின்ன நிழல்.

பயிலரங்கு அறையில் விசில் சத்தம் கேட்டது, பயிற்சியாளர்தான். ஜமுக்காளத்தின் மேல் ஆறு குழுக்கள் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளையும் பசைநாடாவையும் வைத்துப் பத்து நிமிஷத்தில் யார் உயரமான கோபுரம் கட்டுகிறார்கள் என்று போட்டி. நன்றாகக் கட்டினார்கள், ஒரு கோபுரம் சரிந்து விழுந்தபோது கூச்சல் கூரையை எட்டியது, ஜெயித்த குழுவுக்குப் பேனா கொடுத்தார்கள், எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு, தேநீர் வந்துவிட்டது என்றதும் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். காகிதச் சுருளும் நாடாத் துண்டும் ஒட்டிக்கொண்டு ஜமுக்காளம் கசங்கிக் கிடந்தது. காகிதக் கோப்பையில் வந்த தேநீரில் காகித ருசிதான் தூக்கலாக இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, இந்தப் பிள்ளைகள் நாங்கள் படித்ததைவிட அதிகம் படிக்கிறார்கள், எங்களுக்கு இல்லாத பாரங்கள் அவர்களுக்கு உண்டு, சேகரத்துக்குப் போன முதல் மாதமே திருமண்டலத் தேர்தல் கட்சிகள் இரண்டும் வந்து நீ எங்கள் பக்கமா அவர்கள் பக்கமா என்று கேட்கிற காலம் இது. ஆனால் இவர்களைக் கூட்டிக்கொண்டு இரவில் நாலு வீட்டுத் திண்ணைக்கு நடப்பதற்கு ஒரு கிழவர் இல்லை, இருக்கிற கிழவர்களாகிய நாங்களும் மேடையில் நாற்காலி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்துவிடுகிறோம்.

என் நேரம் வந்தது. எழுதி வைத்திருந்த தாள்களைப் பையிலேயே விட்டுவிட்டு, தாத்தாவையும் சுருக்கம் விழாத இடங்களையும் பற்றிச் சொன்னேன், பாட்டியின் ஓலைப்பெட்டியைச் சொன்னேன், இடியாப்பக்கார அம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். நன்றாகக் கேட்டார்கள், ஓரிருவர் கண் கலங்கியதையும் பார்த்தேன், முடித்ததும் கைதட்டினார்கள், எனக்கும் மனது நிறைந்துதான் இருந்தது. அறை காலியானதும் ஜமுக்காளத்தின் ஒரு முனையைக் குனிந்து எடுத்தேன், வாசலுக்குப் போன ஒரு மாணவி திரும்பி வந்து மறுமுனையைப் பிடித்தாள், ஒல்லியான பெண், மீனவ ஊர்க்காரி என்று அறிமுகத்தில் சொன்னவள், அதன் பிறகு அவள் வாய் திறந்து நான் பார்க்கவில்லை. உதறினோம், இரண்டு பேரும் நடந்து வந்து கை சேர்த்தபோது நுனி பிசகாமல் சேர்ந்தது.

இரண்டாவது மடிப்பில் அவள் கேட்டாள், ‘ஐயா, அந்த ஜன்னல் ஓரத்துல ஒரு தம்பி இருந்தான்ல, முதலாம் வருஷம், மத்தியானத்துல இருந்து அவனைக் காணல. சாப்பிடவும் வரல.’ நான் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு நாற்காலி, அதன் மேல் நோட்டும் பேனாவும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு மணி நேரம் அந்த நாற்காலிக்கு நேரே நின்றுதான் வராதவர்களைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். ‘ஆண்கள் விடுதிக்குள்ள நான் போகக் கூடாது, நீங்க போய்ப் பாக்கிறீங்களா ஐயா’ என்று கேட்டுவிட்டு, துப்பட்டா நுனியில் சுற்றி வைத்திருந்த இரண்டு பன்னை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

விடுதியின் நீளமான நடையில் விளக்கு இன்னும் போடவில்லை, யாரோ துவைத்துப் போட்ட துணியிலிருந்து சொட்டுகிற சத்தம், சோப்பு வாசனை. கடைசி அறைக் கதவு சாத்தியிருந்தது, தட்டினேன், வெகுநேரம் கழித்துத் திறந்தான், முகம் வீங்கியிருந்தது, காய்ச்சலா அழுகையா என்று அந்த இருட்டில் தெரியவில்லை. என்னைக் கண்டதும் பதறிப்போய், ‘ஐயா, அது வந்து, வகுப்புக்கு’ என்று ஏதோ சொல்லத் தொடங்கினான்.

‘ஒரு டம்ளர் தண்ணி குடுப்பா’ என்றேன்.

அவன் பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்தான், பிறகு கட்டிலில் கிடந்த புத்தகங்களையும் போர்வையையும் ஒதுக்கி எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்து, மெதுவாகக் குடிக்கத் தொடங்கினேன். ஜமுக்காளம் இன்னும் என் தோளில் இருந்தது.